கீழ்த்தொட்டியின் கணக்கு: ஒரகடத்து வீடுகளில் பவளத் தொட்டிக்கான சம்ப்

கடல்நீர்த் தொட்டி உள்ள வீட்டில் மின்சாரம் போனால், மேல்தொட்டியின் தண்ணீர் குழாய் வழியே கீழ்த்தொட்டிக்கு இறங்கத் தொடங்கும். எத்தனை லிட்டர் இறங்கும், கீழே அதற்கு இடம் இருக்கிறதா என்பது கண்ணாடி வெட்டுவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டிய கணக்கு. பல வீடுகளில் அது பிறகுதான் தெரிகிறது. முதல் மாடி என்றால் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து கதவைத் தட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தக் கீழ்த்தொட்டியைத்தான் பவளத் தொட்டி வைத்திருப்பவர்கள் சம்ப் என்கிறார்கள். வாசலில் லாரித் தண்ணீர் இறக்கும் தரைத்தொட்டி வேறு. காட்சித் தொட்டியின் மேல்மட்டத் தண்ணீர் ஒரு விளிம்பைத் தாண்டி வழிந்து, குழாயில் இறங்கி, ஸ்டாண்டுக்குள் இருக்கும் கண்ணாடிப் பெட்டியின் அறைகளைக் கடந்து, பம்ப் மூலம் மறுபடி மேலே போகும். போகிற வழியில் குப்பை வடிகட்டப்படும். கரைந்த கழிவு நுரையாகப் பிரியும். பாக்டீரியா தன் வேலையைச் செய்யும். நுரை பிரிக்கும் ஸ்கிம்மர், தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரின் குழாய், தெர்மாமீட்டர் எல்லாம் கண்ணில் படாமல் அங்கே அடங்கிவிடும்.

சம்ப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி குளிர்நாட்டு வீட்டை மனத்தில் வைத்தது. அங்கே மின்தடை அரிது, அறை 22 டிகிரி, பாக்டீரியா குடியிருக்கும் கடல்பாறையான உயிர்ப்பாறை கடையில் கிடைக்கும், குழாய்த் தண்ணீரும் பெரிய வம்பு செய்யாது. ஒரகடம், வல்லம் வடகால், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை பக்கத்து வாடகை வீட்டில் இந்த நான்குமே தலைகீழ். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நிறுத்தும் மின்சாரம் மதியம் தாண்டித்தான் வரும். மே மாதத்தில் அறையே 35 டிகிரியில் கிடக்கும். போர் தண்ணீர் வாளியில் வெள்ளைப் படலம் விடும். உயிர்ப்பாறைக்குச் சட்டம் குறுக்கே நிற்கும். போதாக்குறைக்கு, தொட்டி வைத்தவர் ஷிஃப்ட்டுக்குப் போனால் கம்பெனி பஸ் நேரமும் சேர்த்துப் பத்து மணி நேரத்துக்கு மேல் அதைப் பார்க்க ஆளில்லை. ஆகவே இங்கே சம்ப் வரைகிறவர் என்னென்ன வடிகட்டி வைக்கலாம் என்று தொடங்கக் கூடாது, என்னென்ன தவறலாம் என்று தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

அப்படித் தொடங்கும் பழக்கம் இந்தப் பகுதிக்குப் புதிதில்லை. ரெனோ நிசான், டைம்லர், ராயல் என்ஃபீல்ட் ஆலைகளும் வாகனப் பாகம் செய்யும் சிறு நிறுவனங்களும் நெருக்கமாக அமைந்த இடம் இது. வாகனத் தொழிலின் ஐஏடிஎஃப் 16949 தரநெறியில் எஃப்எம்இஏ எழுதுவது கட்டாயம். எந்தப் பாகம் எப்படித் தவறலாம், தவறினால் சேதம் எவ்வளவு, எத்தனை முறை நேரலாம், நேரும் முன் கண்டுபிடிக்க வழி உண்டா என்று வரிசையாக எழுதி மதிப்பெண் போடும் முறை அது. 1949-இல் அமெரிக்க ராணுவ நடைமுறையாகத் தொடங்கியது. மூன்று மதிப்பெண்களையும் பெருக்கி வரிசைப்படுத்தும் பழைய வழக்கத்தை 2019-இல் வந்த புதிய கையேடு கைவிட்டு, சேதத்தின் கடுமைக்கு முதலிடம் தந்தது. சம்ப்புக்கும் அதுதான் சரி. ஐந்து வருடத்தில் ஒரே தடவை வரும் வெள்ளம், தினமும் வரும் சிறு குமிழித் தொல்லையைவிடப் பெரிய விஷயம். பெருக்கல் கணக்கில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து எண்களாக வந்து நிற்கும்.

வடிகட்டும் முறைகள் வந்த வழி

கடற்கரையில் இருப்பவருக்குத் தண்ணீர் மாற்றுவது எளிது. 1909-இல் எட்கர் தர்ஸ்டனின் முயற்சியில் சென்னை கடற்கரையில் மீன்காட்சியகம் அமைந்தபோது கடல் எதிரிலேயே இருந்தது. உள்நாட்டு வீட்டில் அதே தண்ணீரைத்தான் திரும்பத் திரும்பப் பயன்படுத்த வேண்டும். அதற்கான முறைகள் கடந்த அறுபது வருடத்தில் ஒன்றையொன்று மறுத்தபடியே வளர்ந்தன.

முதலில் பேசப்பட வேண்டியவர் ஜகார்த்தாவின் லீ சின் எங். 1961-இல் அவர் வெளியிட்ட முறையில் சம்ப்பே கிடையாது. கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறை, கொஞ்சம் காற்றுக்குமிழி, வெயில். அவ்வளவுதான். பாறைக்குள் குடியிருக்கும் பாக்டீரியாவும் புழுக்களும் பாசியும் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். கடல் பக்கத்தில் இருந்தால் பிரமாதமான முறை.

1980-களில் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குப் பரவியது சொட்டு வடிகட்டி. ஜார்ஜ் ஸ்மிட் 1986-இல் எழுதிய கட்டுரைகள் அதைப் பிரபலமாக்கின. பிளாஸ்டிக் பந்துகள் நிறைந்த கோபுரத்தின் மேல் தண்ணீரைத் தூவி, காற்றும் நீரும் கலந்து இறங்கவிடுவது. இதன் மூதாதை 1890-களில் இங்கிலாந்தில் வந்த சாக்கடைநீர்ச் சுத்திகரிப்புப் படுகை. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுவதில் இதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் வேலை அங்கேயே நின்றுவிடும். நைட்ரேட்டை வாயுவாக்கி வெளியேற்றும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் இல்லாத இடம் வேண்டும். காற்றோட்டமான பந்துக் கோபுரத்தில் அப்படி ஓர் இடம் இல்லை. நாளாக ஆக நைட்ரேட் ஏறிக்கொண்டே போகும்.

எவ்வளவு ஏறும்? 120 செ.மீ. நீளம், 50 அகலம், 50 உயரம் கொண்ட தொட்டியை எடுத்துக்கொள்வோம். பாறை, மணல், மேல்விளிம்பு போகத் தண்ணீர் 250 லிட்டர், சம்ப்பில் 60, மொத்தம் 310. தினமும் 3 கிராம் உலர் தீவனம், அதில் 45 விழுக்காடு புரதம், புரதத்தில் 16 விழுக்காடு நைட்ரஜன். கால் பங்கு மீன் உடம்பில் சேர்ந்துவிட்டது என்றாலும், மீதி எல்லாம் நைட்ரேட்டானால் லிட்டருக்கு நாளொன்றுக்கு 2.3 மில்லிகிராம், வாரத்துக்கு 16. பவளத் தொட்டியில் நைட்ரேட் ஒற்றை இலக்கத்தில் இருப்பதுதான் நல்லது. வாரம் பத்து விழுக்காடு தண்ணீர் மாற்றினால், மாற்றும் நேரத்தில் தொட்டியில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கு மட்டும் போகும். மாற்றத்தை மட்டும் நம்பினால் நைட்ரேட் 160-ஐத் தொடும்போதுதான் வரவும் செலவும் சமமாகும்.

இந்த முட்டுச்சந்திலிருந்து வெளியே வந்தது பெர்லின் முறை. பந்துக் கோபுரத்தைத் தூக்கி எறிந்துவிட்டு நிறைய உயிர்ப்பாறை, வலுவான ஸ்கிம்மர், இரண்டையும் வைத்தார்கள். பாறையின் உள்துளைகளில் ஆக்சிஜன் குறைவதால் நைட்ரேட் அங்கே அழியும். ஸ்கிம்மரோ கழிவு அழுகி அம்மோனியாவாகும் முன்பே அதைப் பிடித்துவிடும்: ஒரு முனை நீரை விரும்பி மறுமுனை வெறுக்கும் கரிம மூலக்கூறுகள் காற்றுக்குமிழியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு, நுரையாக ஏறிக் கோப்பையில் விழும். இதே காலத்தில் பிரான்சின் ஜோபேர், ஆழமான மணற்படுகைக்கு அடியில் ஒரு வெற்றிடம் விட்டு அதே நைட்ரேட் வேலையை மணலிடமே ஒப்படைத்தார். மொனாக்கோ கடலியல் அருங்காட்சியகம் அதைப் பெரிய தொட்டிகளில் செய்து காட்டியது. ஸ்மித்சோனியனின் வால்டர் ஏடி இன்னொரு திசையில் போனார். வலைமீது பாசியை வளர்த்து, அறுத்து வெளியே எடுத்தால் நைட்ரஜனும் பாஸ்பரஸும் அதோடு போய்விடும் என்றார். இன்றைய சம்ப்புகளில் விளக்குப் போட்டு கீட்டோமார்ஃபா பாசி வளர்க்கும் ரெஃப்யூஜியம் அறை அந்த யோசனையின் சின்ன வாரிசு.

இன்று இணையத்தில் பார்க்கும் சம்ப் படங்கள் எல்லாமே பெர்லின் முறையின் பிள்ளைகள்தான். ஆகவே அவை ஒன்றைச் சொல்லாமலே எடுத்துக்கொள்கின்றன: மேலே நல்ல உயிர்ப்பாறை இருக்கிறது, கீழே பாதி வேலைதான் மிச்சம் என்று. இங்கே அந்த அனுமானம் செல்லாது.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் கல்பவளம், கருப்புப் பவளம், தீப்பவளம், கடல்விசிறி எல்லாம் சேர்ந்தன. புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய கடற்பரப்பு 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கே சுண்ணாம்புக்காகப் பாறை வெட்டும் தொழில் 2005 வரை நீடித்தது. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் கடல்மட்டத்துக்குக் கீழே போனதற்கு அதுவும் ஒரு காரணம். அந்தக் கடலிலிருந்து வந்த துண்டு எதுவும், செத்த பாறையாக இருந்தாலும், வீட்டுத் தொட்டிக்கு வரக் கூடாது. கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் என்ன கிடைக்கிறது என்பது வேறு கேள்வி; எங்கிருந்து வந்தது என்று கேட்டு, காகிதம் இல்லை என்றால் திரும்பி வருவதே ஒழுங்கு. கோமாளி மீனுக்கு இந்தச் சங்கடம் இல்லை, மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் அதைக் குஞ்சு பொரிக்க வைத்துப் பல வருடங்கள் ஆகின்றன.

உயிர்ப்பாறை இல்லை என்றால் மேலே வைப்பது சிமெண்டில் வார்த்த பாறையோ பீங்கான் பாறையோதான். வார்த்த பாறையைப் பல வாரம் நல்ல தண்ணீரில் ஊறவைத்து மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காரத்தன்மை மீனைக் கொல்லும். அதன் துளைகளில் பாக்டீரியா குடியேற மாதங்கள் ஆகும். அதுவரை, ஏன் அதற்குப் பிறகும், உயிரியல் வேலையின் பெரும்பங்கு சம்ப்பின் தலையில்தான். ஆகவே நம் சம்ப்பில் பீங்கான் ஊடகத்துக்கு ஓர் அறை கட்டாயம் வேண்டும். குளிர்நாட்டுப் படங்களில் அது விருப்பம்போல் விடப்படுகிறது என்பதற்காக நாமும் விட்டுவிட முடியாது. அந்த அறைக்கு முன்னால் குப்பை பிடிக்கும் துணிப்பை இருக்க வேண்டும். பையை மூன்று நாளுக்கு ஒரு முறை துவைக்க முடியாதவர் பையே வைக்காமல் இருப்பது மேல். துவைக்காத பையில் சிக்கிய தீவனம் தண்ணீருக்குள்ளேதான் அழுகும்.

ரெஃப்யூஜியத்துக்கு நான் பாதி மனத்தோடுதான் வாக்களிப்பேன். 75 செ.மீ. சம்ப்பில் அதற்கென்று ஓர் அறை ஒதுக்கினால் மற்ற எல்லாம் நெருக்கடியாகும். இடம் இருந்தால் வைக்கலாம். மேல்தொட்டி விளக்கு அணைந்த பிறகு இதன் விளக்கு எரிவது நல்லது, இரவில் பாசி கரியமில வாயுவை இழுப்பதால் அமிலகாரநிலை விழாது. கீட்டோமார்ஃபா கிடைக்காதவர்கள் கஞ்சிப்பாசியை முயலலாம். ராமநாதபுரம் கரையில் பெண்கள் மூழ்கி எடுக்கும் அதே பாசிதான், நம் வெப்பத்துக்குப் பழகியது. காலர்ப்பா வேண்டாம். திடீரென்று இனப்பெருக்கத்தில் இறங்கி ஒரே இரவில் தன் உடம்பையே தண்ணீரில் கரைத்துவிடும்.

தண்ணீர் எங்கே நிற்கும்

இனி எண்கள். 75 × 40 செ.மீ. அடிப்பரப்பு, 40 உயரம் கொண்ட சம்ப் என்று வைப்போம். இதில் 1 செ.மீ. நீர்மட்டம் 3 லிட்டர். மேல்தொட்டியிலோ 1 செ.மீ. என்பது 6 லிட்டர். மேலே ஒரு பங்கு இறங்கினால் கீழே இரண்டு பங்கு ஏறும். இந்த ஒன்றுக்கு இரண்டைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

ஓட்டம் மணிக்கு 1500 லிட்டர் போதும். மேல்தொட்டித் தண்ணீர் மணிக்கு 6 முறை இறங்கி ஏறும் அளவு. பவளத்துக்கு வேண்டிய வேகமான நீரோட்டத்தை மேல்தொட்டிக்குள் வைக்கும் வேவ்மேக்கர் குறைந்த மின்சாரத்தில் தரும். அதைச் சம்ப்பிலிருந்து தண்ணீரை மேலேற்றும் ரிட்டர்ன் பம்பிடம் கேட்பது வீண். 40 செ.மீ. நீள வழிவிளிம்பில் 1500 லிட்டர் ஓடினால் விளிம்புக்கு மேல் தண்ணீர் 7 மில்லிமீட்டர் உயரத்துக்கு நிற்கும். பம்ப் நின்றதும் இந்த 7 மில்லிமீட்டர் வழிந்து இறங்கும். அது 4 லிட்டர்தான், பயமில்லை.

பயப்பட வேண்டியது ரிட்டர்ன் குழாயின் மூக்கு. அது நீர்மட்டத்துக்கு 3 செ.மீ. கீழே இருந்தால், பம்ப் நின்றதும் அதே குழாய் சைஃபனாகத் தலைகீழாக ஓடி, மூக்கு காற்றைத் தொடும்வரை இழுக்கும்: முன்சொன்ன 4 லிட்டரும் சேர்த்து 18 லிட்டர். வழிவு அறையிலும் குழாய்களிலும் நிற்கும் 4 லிட்டர் சேர்த்தால் 22. சம்ப்பில் 7.3 செ.மீ. ஏற்றம். சராசரி ஓட்டமட்டம் 20 என்றால் 27-ஐத் தாண்டி நிற்கும். ஸ்கிம்மரும் ஊடகமும் இடத்தை அடைப்பதால் உண்மையில் இன்னும் கொஞ்சம் கூடும். 40 உயரத்தில் இது தாங்கும். ஆனால் தொட்டியைத் துடைக்கும்போது மூக்கு சரிந்து 10 செ.மீ. ஆழத்துக்குப் போய்விட்டது என்று வையுங்கள். 60 லிட்டர் சைஃபனில், 4 குழாயில். ஏற்றம் 21 செ.மீ.; 20-உம் 21-உம் 41. தரை நனைந்தாயிற்று.

இதற்கு ரிட்டர்ன் குழாயில் செக் வால்வு போடச் சொல்வார்கள். பிளம்பிங் கடையில் கிடைக்கும், மலிவு, மனத்துக்கு நிம்மதி. ஆனால் கடல்நீரில் சுண்ணாம்புப் பாசியும் குழாய்ப்புழுவும் அதன் மூடியில் படிந்துவிடும். ஒரு வருடம் ஒழுங்காக மூடிய வால்வு அடுத்த வருடம் முக்கால்வாசிதான் மூடும், அதுவும் மின்சாரம் போகும்வரை தெரியாது. எஃப்எம்இஏ மொழியில் கண்டுபிடிக்கும் வாய்ப்பு பூஜ்யம். மூக்கை அசையாத கெட்டிக்குழாயாக, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வைத்து, கூடவே நீர்மட்டத்தை ஒட்டி ஒரு சிறு துளை போடுவது இதைவிட நல்ல வழி. துளையையும் பாசி அடைக்கும்தான், ஆனால் அது கண்ணுக்குத் தெரியும், பல் குச்சியால் குத்தினால் போதும்.

இதன் மறுபக்கம், வடிகால் குழாய் அடைத்துக்கொள்வது. நத்தை ஒன்று உள்ளே போனால் போதும். அப்போது பம்ப் சம்ப்பைக் காலி செய்து மேல்தொட்டியை நிரப்பும். இங்கேதான் ரிட்டர்ன் அறையின் அளவு கதையை மாற்றுகிறது. தடுப்புக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உள்ள தண்ணீரைப் பம்ப் தொட முடியாது. அதன் அறையில் உள்ளதை மட்டுமே இழுக்கும். அறை 22 × 40 செ.மீ., நீர்மட்டம் 18, பம்ப் காற்றை உறிஞ்சத் தொடங்கும் மட்டம் 4 என்றால் மேலே போவது 12 லிட்டர் சொச்சம். மேல்தொட்டியில் 2 செ.மீ. ஏற்றம். வழிவிளிம்பு கண்ணாடி மேல்முனையிலிருந்து 4 செ.மீ. கீழே இருந்தால், யாரும் வீட்டில் இல்லாவிட்டாலும் ஒரு சொட்டு வெளியே வராது. பம்ப் மட்டும் வறண்டு கத்தும். சென்சார் இல்லை, அலாரம் இல்லை, வடிவமே பிழையைத் தடுக்கிறது. ஆலைக்காரர்கள் போகா-யோகே என்பார்கள்.

ரிட்டர்ன் அறையைச் சிறிதாக்கியதற்கு ஒரு விலை உண்டு. ஆவியாகும் தண்ணீரின் குறை முழுவதும் அந்த ஓர் அறையில்தான் தெரியும். மற்ற அறைகளின் மட்டத்தைத் தடுப்புகள் பிடித்து வைத்திருக்கின்றன. கோடையில் நாளைக்கு 4 லிட்டர் ஆவியானால் அந்த அறையில் 4.5 செ.மீ. இறங்கும். மூன்றே நாளில் பம்ப் வறளும். ஆகவே சின்ன ரிட்டர்ன் அறை வைப்பவர் தானியங்கி நிரப்பி வைத்தே ஆக வேண்டும். அதற்கும் ஒரு பிழை இருக்கிறது: மிதவை சிக்கிக்கொண்டால் கேனில் உள்ள அத்தனையும் உள்ளே போகும். 20 லிட்டர் கேன் என்றால் உப்பளவு 35-இலிருந்து 33-க்கு இறங்கும், சம்ப்பில் 6.7 செ.மீ. ஏறும். பவளம் சுருங்கும், சாகாது. 50 லிட்டர் டிரம் வைத்திருந்தால் 30 வரை போகும், அது ஆபத்து. கேனின் அளவுதான் இங்கே காப்பு. கேனின் நீர்மட்டம் சம்ப்பைவிட உயரமாகவும் இருக்கக் கூடாது, நிரப்பிப் பம்ப் நின்றபிறகும் சைஃபனாக ஓடிக்கொண்டேயிருக்கும்.

மின்தடையும் மிதவைப் பழுதும் ஒரே நாளில் வந்தால்? 20, 7.3, 6.7. கூட்டினால் 34. இன்னும் 6 செ.மீ. மிச்சம். வரைபடத்தில் பார்க்க வேண்டிய எண் இதுதான். இந்த எண் பூஜ்யத்துக்குக் கீழே போகும் சம்ப்பை, எவ்வளவு அழகாகச் செய்திருந்தாலும், நான் வீட்டுக்குள் விடமாட்டேன்.

வடிகாலுக்கு ஒற்றைக் குழாய் போதாது. பீன் அனிமல் என்ற பெயரில் வழங்கும் மூன்று குழாய் முறைதான் இன்றைக்கு உள்ளவற்றில் நம்பகமானது: ஒன்று முழுச் சைஃபனாக ஓடும், வால்வால் அளவு வைத்தது, இரண்டாவது மிச்சம் மீதியைச் சொட்டவிடும், மூன்றாவது காய்ந்தே கிடக்கும். மூன்றாவதில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் முதலாவதில் ஏதோ அடைத்திருக்கிறது என்று பொருள். சைஃபன் குழாயின் கீழ்முனை சம்ப் நீரில் இரண்டு மூன்று செ.மீ. மட்டும் மூழ்கியிருக்கட்டும், ஆழமானால் மின்சாரம் திரும்பியதும் உள்ளே மாட்டிய காற்று வெளியேறத் திணறும். வால்வு வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. ஹார்டுவேர் கடையில் கேட் வால்வு என்று கேட்டால் பெரும்பாலும் பித்தளையை எடுத்து வைப்பார்கள். பித்தளையில் செம்பு இருக்கிறது. முதுகெலும்பில்லாத எந்தக் கடல் உயிருக்கும் செம்பு விஷம். யூபிவிசி வால்வு தேடி வாங்க வேண்டும், கொஞ்சம் அலைந்தாலும்.

தடுப்புகளுக்கு இடையே 25 மில்லிமீட்டர் இடைவெளி விட்டுக் குமிழி பிடிக்கலாம் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். 40 செ.மீ. அகலத்தில், மணிக்கு 1500 லிட்டரில், அந்த இடுக்கில் தண்ணீர் நொடிக்கு 4 செ.மீ. வேகத்தில் கீழிறங்கும். கால் மில்லிமீட்டர் குமிழி நொடிக்கு மூன்றரை செ.மீ.க்குள்தான் மேலேறும். தோற்றுப்போய்த் தண்ணீரோடு அடியில் புகுந்து மேல்தொட்டிக்குப் போகும். இடைவெளியை 5 செ.மீ. ஆக்கினால் வேகம் பாதி, குமிழி ஜெயிக்கும். ஸ்கிம்மர் அறையில் 22 செ.மீ. மட்டத்தில் ஓட்டம் நொடிக்கு அரை செ.மீ. கூட இல்லை என்பதால் குமிழி அங்கேயே பெரும்பாலும் வெளியேறிவிடும். குமிழி வருகிறது என்று நான்காவது தடுப்பு ஒட்டுகிறவர்கள் இடத்தைத்தான் இழக்கிறார்கள்.

வெப்பம், தண்ணீர்

40 வாட் பம்ப் ஒரு நாளில் தண்ணீருக்குக் கொடுக்கும் வெப்பம், வெளியே எதுவும் போகாவிட்டால், இந்த 310 லிட்டரை 2.7 டிகிரி சூடாக்கும். ஒன்றரை லிட்டர் ஆவியானால் அது சமன். சம்ப்பின் மேல் ஒரு சின்ன மின்விசிறி வைத்து 4 லிட்டர் ஆவியாக்கினால் நூறு வாட்டுக்கு மேல் வெப்பம் போய்விடும். மின்விசிறிக்கு ஆகும் செலவு சில வாட். இதைவிட மலிவான குளிர்ச்சி இல்லை. ஆனால் காற்றின் ஈரக்குமிழ் வெப்பநிலைக்குக் கீழே ஆவியால் இறங்க முடியாது. மே மாதத்து வறண்ட மதியத்தில் விசிறி நன்றாக வேலை செய்யும். கடற்காற்று ஈரத்தோடு உள்ளே வரும் மாலையிலும், ஐப்பசி மழையிலும் கையை விரித்துவிடும். பவளம் 26-ஐ விரும்பும், 30-க்கு மேல் நாள் கணக்கில் நின்றால் வெளுக்கும். மன்னார் வளைகுடாவிலேயே 1998, 2010, 2016 கோடைகளில் வெளுத்தது. ஆகவே கல்பவளம் வைக்க உரிமையும் எண்ணமும் உள்ளவருக்கு சில்லர் தவிர்க்க முடியாதது. அதை ஸ்டாண்டுக்குள் வைக்க வேண்டாம். தான் இறைத்த வெப்பத்தைத் தானே திரும்ப இழுத்துக்கொண்டு நாள் முழுக்க ஓடும்.

மின்தடையின்போது எதை இன்வெர்ட்டரில் போடுவது? ரிட்டர்ன் பம்பை என்று பலர் சொல்வார்கள். நான் 15 வாட் வேவ்மேக்கர் ஒன்றை மட்டும் போடச் சொல்வேன். 28 டிகிரி கடல்நீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 6.4 மில்லிகிராம், மேல்தொட்டி முழுவதற்கும் கையிருப்பு ஒன்றரை கிராம் சொச்சம்தான். மேற்பரப்பு கலங்கிக்கொண்டே இருந்தால் அது மீண்டும் நிரம்பும். 12 வோல்ட் 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியை மட்டும் எடுத்தாலும், இன்வெர்ட்டரின் சொந்தச் செலவு போக, ஒரு நாளைத் தாண்டும். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது பல இடங்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. அந்த மாதிரி நாளுக்குக் கணக்குப் பண்ணுவதுதான் கணக்கு.

ஆவியாவது நல்ல தண்ணீர் மட்டும். உப்பு தொட்டியிலேயே நிற்கும். ஈடு செய்ய ஊற்றும் தண்ணீரில் என்ன கரைந்திருக்கிறதோ அதுவும் தங்கிவிடும். டிடிஎஸ் 800 உள்ள போர் தண்ணீரை நாளைக்கு 4 லிட்டர் ஊற்றினால் ஒரு வருடத்தில் ஒரு கிலோவுக்கு மேல் தேவையில்லாத உப்புகள், அவற்றோடு சிலிக்காவும் பாஸ்பேட்டும். பாசி ஏன் அடங்க மாட்டேன் என்கிறது என்று ஸ்கிம்மரை மாற்றிக்கொண்டிருப்பவர்கள் இந்தக் கேனைப் பார்ப்பதில்லை. வேடிக்கை என்னவென்றால், சென்னைக் குடிநீர் வாரியம் கோயம்பேட்டில் சாக்கடைநீரை மூன்றாம் நிலைவரை சுத்திகரித்து, ஆர்ஓவும் செய்து, நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் திறனுள்ள நிலையத்திலிருந்து 2019 முதல் இந்தத் தொழிற்பேட்டைகளுக்குக் குழாயில் அனுப்புகிறது. ஆலைக்கு ஆர்ஓ தண்ணீர், ஆலைக்குப் போகிறவர் வீட்டில் போர் தண்ணீர்.

சமையலறை ஆர்ஓ இருக்கிறதே என்று நினைக்கலாம். அதில் பெரும்பாலும் டிடிஎஸ் சரிசெய்யும் திருகு ஒன்று இருக்கும். ருசிக்காகக் கொஞ்சம் மூலத்தண்ணீரைக் கலந்துவிடும். அதை முழுக்க மூடி, தாது சேர்க்கும் குப்பியைக் கழற்றி, கடைசியில் டிஐ பிசின் குப்பி ஒன்றைச் சேர்த்தால் டிடிஎஸ் மீட்டர் பூஜ்யம் காட்டும். கழிவாகப் போகும் தண்ணீர் வீடு துடைக்க ஆகும்.

கண்ணாடி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஸ்ரீபெரும்புதூரிலேயே செயின்ட் கோபைன் ஆலை இருக்கிறது. 40 செ.மீ. உயரத்துக்கு 8 மில்லிமீட்டர் சாதாரண ஃப்ளோட் கண்ணாடி வெளிச்சுவருக்கு, 6 மில்லிமீட்டர் தடுப்புக்கு. டஃபன்டு கண்ணாடியில் பிறகு துளை போட முடியாது. குளியலறைக்கென்று விற்கும் சிலிக்கோனில் பூஞ்சைக் கொல்லி கலந்திருக்கும், அது கூடாது. ஸ்கிம்மரைக் கழற்ற அதற்கு மேலே அதன் உயரத்தில் பாதியாவது ஸ்டாண்டில் இடம் விட வேண்டும். இதை மறந்து, கோப்பையை மட்டும் சாய்த்து எடுத்துக்கொண்டு காலம் தள்ளுகிறவர்கள் உண்டு. மின் இணைப்பு 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி வழியாக. ஒவ்வொரு ஒயரும் பிளக்குக்குப் போகும் முன் ஒரு முறை கீழே தொங்கி வளையட்டும், வழியும் உப்புநீர் அங்கேயே சொட்டிவிடும்.

உப்புக் கலப்பதற்கு முன் வெறும் தண்ணீரை நிரப்பி ஒரு விடுமுறை நாள் முழுக்கச் சம்ப்பைச் சோதிக்க வேண்டும். ஓடவிட்டு மட்டத்தைக் குறித்துக்கொண்டு, மெயின் சுவிட்சை அணைத்து, தண்ணீர் எங்கே வந்து நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு மறுபடி போட்டு, யாரும் தொடாமலே சைஃபன் தானாகப் பிடிக்கிறதா என்று. பிறகு முதல் குழாயைத் துணியால் அடைத்துவிட்டு. பிறகு மூன்றையும் அடைத்துவிட்டு, பம்ப் வறளும்வரை. கடைசியாக மிதவையை விரலால் அழுத்திப் பிடித்துக் கேன் காலியாகும்வரை. ஒவ்வொன்றிலும் நின்ற மட்டத்தைச் சம்ப்பின் வெளிக்கண்ணாடியில் பெர்மனென்ட் மார்க்கரால் கோடு போட்டு எழுதிவைத்தால், தொட்டிக்காரர் நைட் ஷிஃப்ட்டில் இருக்கும்போது போனில் கேட்டால் வீட்டில் மற்றவர்கள் பார்த்துச் சொல்ல அந்தக் கோடுகள் போதும்.